கமரூன் வண்டும் கடல்மேல் நகரும்

"ஆழமறியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. புதிய எண்ணம் எதுவாயினும் சிறு அளவில், சிறு செலவில் சோதித்த பிறகே பெருமுதல் இடவேண்டும் என்று இன்றைய வாணிக உலகம் வற்புறுத்துவதும் அதனையே. வள்ளுவர் 'தெரிந்து செயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். எனினும், சோதனை நடந்ததா என்று கேட்பது மட்டும் போதாது. எக்கேள்விக்கு விடை தேடினார்கள் என்பதையும் ஆராய வேண்டும். ஜொகூர் மண்ணில் இதற்கு இரு சான்றுகள் உள.

முதலாவது குளுவாங். செம்பனை ஆப்பிரிக்க மரம். அதன் மகரந்தத்தைச் சுமக்கும் வண்டு அதனுடன் இங்கு வரவில்லை. ஆகவே தோட்டத் தொழிலாளர் மரத்துக்கு மரம் நடந்து பெண் பூங்குலைகளில் மகரந்தப் பொடியைத் தூவினர். காற்றே மகரந்தத்தைப் பரப்புகிறது என்ற நெடுநாள் நம்பிக்கையைப் பூச்சியியல் அறிஞர் ஆர். ஏ. சையது கமரூன் நாட்டில் ஆராய்ந்து மறுத்தார். அங்கு அப்பணியைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என்று காட்டினார். பறக்கவிட்ட பூச்சியைத் திரும்ப அழைக்க இயலாது. ஆதலின், அது வேறு பயிர்களை அழிக்குமா என்று அடைத்து வைத்துச் சோதித்தனர். அதன் பின்னரே 1981இல் குளுவாங்கில் விட்டனர். ஓரிரு ஆண்டுகளில் அது தீபகற்பமெங்கும் பரவிற்று.

இரண்டாவது, ஜொகூர் நீரிணையைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டி. 2014இல் தொடங்கிய மண் நிரப்பும் பணியைச் சுற்றுச்சூழல் துறை நிறுத்தி, விரிவான மதிப்பீட்டுக்குப் பின் 2015இல் அனுமதித்தது. நான்கு தீவுகள், 700,000 மக்கள் என்பது திட்டம். இங்கும் சோதனை இல்லாமல் இல்லை. விற்பனைக் கூடத்தில் சிற்றுருவ நகரம் ஒளிர்ந்தது. மாதிரி வீடுகளைக் கண்டு சீனாவிலிருந்து வந்தோர் பலர் முன்பணம் கட்டினர். ஆனால் அக்கூடம் சோதித்தது, 'வாங்குவார்களா?' என்பதையே, 'வந்து வாழ்வார்களா?' என்பதை அன்று. 2017இல் சீன அரசு பணம் வெளிச்செல்வதைக் கட்டுப்படுத்தியதும் வாங்குவோரும் குறைந்தனர். 2023இல் கட்டுமான நிறுவனமான கன்ட்ரி கார்டன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தத் தவறியது. அடுக்குமாடிகளில் விளக்கெரியும் சன்னல்கள் சிலவே என்று அவ்வாண்டு செய்தியாளர் எழுதினர்.

வண்டை விடுவதும் கடலைத் தூர்ப்பதும் மீட்க இயலாச் செயல்களே. குளுவாங்கில், தீமை விளையுமா என்ற கேள்வி முதலில் எழுந்தது. நீரிணையில், நன்மை நிகழும் என்ற விருப்பமே விடையாகக் கொள்ளப்பட்டது. கரையில் ஒரு தெரு, ஒரு பள்ளி, ஒரு சந்தை அமைத்து, மக்கள் தங்குகின்றனரா என ஈராண்டு பார்த்திருப்பின் செலவு சிறிதாகவே இருந்திருக்கும்.

குளுவாங் சோதனையும் முழுமையானதன்று. மகரந்தம் தூவிய கைகளுக்கு அடுத்த வேலை எது என்பது பூச்சிக் கூண்டினுள் எழும் கேள்வியன்று. நீரிணை மீனவரின் வலை வெறுமையாகுமா என்பதும் மாதிரி வீட்டில் எழும் கேள்வியன்று. முதலிடுவோர் தம் இழப்பைக் குறைக்கவே சோதிக்கின்றனர். உழைப்போரின் இழப்பையும் அச்சோதனையில் சேர்க்கும்படி கேட்பது ஊராரின் உரிமையாகும்.