ஆச்சி தலை சாய்த்தால்

இரண்டு முயல்கள் முதல்முறையாக மூக்கோடு மூக்கு வந்து நிற்கும்போது எல்லோரும் காதைப் பார்ப்பார்கள். கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் வாலைப் பார்ப்பார்கள். நான் தாடையைத்தான் பார்ப்பேன். காது பின்னால் படிவதும் வால் விறைப்பதும் சண்டை வரப்போவதைச் சொல்லும். காவலுக்கு நிற்பவருக்கு அது போதும். ரசிக்க உட்கார்ந்தவருக்குப் போதாது. யாருடைய தாடை முதலில் தரையைத் தொடுகிறது, தொட்ட பிறகு எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறது, எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தலை தாழ்த்துகிற முயல் பணிந்துபோகிறது என்று பார்க்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது கேட்கிறது. கேட்கிறது என்பதுகூட மரியாதைக்காகச் சொல்வது; உத்தரவு போடுகிறது. "வா, வந்து நெற்றியை நக்கிவிடு." எதிராளியும் அதே நினைப்பில் வந்திருந்தால் இரண்டு தாடைகளும் தரையில் கிடக்கும், நக்குவதற்கு நாக்கு இருக்காது. கல்யாண மண்டப வாசலில் இரண்டு சம்பந்தி வீட்டாரும் ‘அவங்க முதல்ல வந்து கூப்பிடட்டும்’ என்று விறைத்துக்கொண்டு நிற்பார்களே, அதே வீம்புதான். இந்த இழுபறியைப் பார்ப்பதற்காகவே நான் முயல்களை ஜோடி சேர்க்கிறேன் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு. மறுக்கப்போவதில்லை.

நான் பார்த்தவரையில் இந்தக் கலையில் எங்கள் ஆச்சிக்கு நிகர் கிடையாது. சாம்பல் நிறம், கனத்த உடம்பு, கழுத்துக்குக் கீழே இரண்டாக மடியும் சதை. சோவியத் சின்சில்லா கலப்பு. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விவசாயிகளுக்குப் போன வழியில் வந்தவள் என்று கொடுத்தவர் சொன்னார். கறிக்கென்று வளர்க்கிற இனம். பெயருக்கு ஏற்ற தோரணை அவளுக்குத் தானாகவே வந்தது. பெயர் வைத்தது பிறகுதான்.

சாதாரண முயல் தலையைத் தாழ்த்திக் கேட்கும். கிடைக்காவிட்டால் எதிராளியின் தாடைக்கடியில் மூக்கால் முட்டும், இன்னும் கிடைக்காவிட்டால் லேசாகக் கடிக்கும். ஆச்சி முட்ட மாட்டாள். நிதானமாக நடந்து வருவாள். எதிராளியின் மூக்குக்கு நேர் கீழே தலையைச் செருகி, காதுகளை முதுகோடு சேர்த்துப் படியவைத்து, தாடையைத் தரையில் பதித்துவிடுவாள். கண் பாதி மூடியிருக்கும். அப்புறம் ஒரு அசைவும் இருக்காது. மூக்குத் துடிப்பே குறைந்துவிடும். அவள் தலை வைக்கிற இடத்தைக் கவனிக்க வேண்டும். முயலுக்கு ஏறக்குறைய தன்னைச் சுற்றி எல்லாமே தெரியும். முகத்துக்கு நேர் முன்னால், மூக்கின் கீழே மட்டும் ஒரு குருட்டுப் பகுதி. சரியாக அந்த இடத்தில்தான் ஆச்சி தலையைக் கொண்டுபோய் வைக்கிறாள். எதிரில் நிற்பவனால் அவளைப் பார்க்க முடியாது. மீசையாலும் மோப்பத்தாலும்தான் அவள் இருப்பது தெரியும். அவளுடைய பிடரியோ அவன் பல்லுக்கு நேராக இருக்கிறது. ஒரே கடியில் காது கிழிந்துவிடும் நிலையில் தன்னை வைத்துக்கொண்டுதான் அவள் அதிகாரம் செய்கிறாள். பயமுறுத்தி அதிகாரம் செய்கிற முயல்கள் ஏராளம். கழுத்தைக் கொடுத்து அதிகாரம் செய்வதை அவளிடம்தான் பார்த்தேன்.

ஆச்சிக்கு ஜோடியாக மணி வந்த புதிதில் இது அவனிடம் பலிக்கவில்லை. வெள்ளையில் பழுப்புத் திட்டுகள் உள்ள இளவட்டம்; அவனும் தலை சாய்க்கிற ரகம். மொசைக் தரையில் இரண்டு தாடைகள், இடையில் ஒரு கொத்தமல்லித் தண்டு நீளம். இவள் நக்கவில்லை, அவனும் நக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஆச்சி எழுந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, எதுவுமே கேட்காதவளாக முன்னங்கால்களால் முகம் கழுவ ஆரம்பித்தாள். அந்த முகம் கழுவல் ஒரு நடிப்பு என்றே நினைக்கிறேன். அவ்வளவு சாவகாசமாக வேறெப்போதும் அவள் முகம் கழுவியதில்லை. பிறகு மறுபடி வந்து அதே இடத்தில் தலை. இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் மணி, வேறு வழியில்லாமலோ அல்லது அந்த வாசனை பழகிப்போனதாலோ, அவள் நெற்றியில் நாக்கை வைத்தான். ஒருமுறை வைத்தவன் நிறுத்தவில்லை. நெற்றி, காதின் அடிப்பகுதி, பிறகு கண்ணோரம். கண்ணோரத்தை முயலால் தானே நக்கிக்கொள்ள முடியாது; அதனால் அங்கே இன்னொரு நாக்கு படும்போது கிடைக்கிற சுகம் தனி. ஆச்சி பல்லை மெல்ல நறநறத்தாள். வலியில் வரும் நறநறப்பு அல்ல, சுகத்தில் வருவது. கை வைத்தால் கன்னத்தில் அதிர்வு தெரியும். நான் கை வைக்கவில்லை.

பதிலுக்கு அவள் அவனுக்கு ஒரே ஒரு நக்கு கொடுத்தாள். தாராளம் என்றுதான் சொல்ல வேண்டும்.

முயலின் தாடையைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சியெல்லாம் உண்டு. ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் நிறுவனத்தில் ரோமன் மைகிடோவிச் என்பவர் முயலின் தாடைச் சுரப்பியை வைத்தே பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார். கூட்டத்தில் மேல்நிலையில் இருக்கும் ஆண்களுக்கு அந்தச் சுரப்பி பெரியது. அவைதான் அதிகம் தாடையைத் தேய்த்து அடையாளமிடும். இங்கிலாந்துக்காரர்களுக்கு ஆர். எம். லாக்லி எழுதிய ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் தி ராபிட்’ தான் வேதம். 1964இல் வந்தது. ‘வாட்டர்ஷிப் டவுன்’ நாவலுக்கு ரிச்சர்ட் ஆடம்ஸ் முயல் விவரங்களை எடுத்ததும் அதிலிருந்துதான். ஆனால் அந்தக் காட்டு முயல்களுக்கு வளை உண்டு, வயல் உண்டு, பிடிக்காவிட்டால் வேறு கூட்டத்துக்குப் போகிற வழி உண்டு. சென்னையில் இரண்டாவது மாடி வீட்டு ஹாலில் இருக்கிற முயலுக்குப் போக இடமில்லை. எங்கள் வீட்டில் ஆச்சியின் தாடை படாத பொருள் கிடையாது: பீரோ கால், ஃபிரிட்ஜ் மூலை, வாசல் செருப்பு. மணியின் முதுகிலும் தேய்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் ஜோடி சேர்ந்துவிட்டது என்று நான் கம்பித் தடுப்பை மடித்துப் பரணில் போட்டேன்.

அடையாறில் எனக்கொரு நண்பர் இருக்கிறார், தொங்கு காது முயல்களின் பக்தர். உள்ளங்கை அளவு, சப்பை மூக்கு, பொம்மைக் கண். அழகில்லை என்று நான் சொல்லவில்லை. காது தொங்கிப்போன முயலில் பாதிப் பேச்சு போய்விடுகிறது, அதுதான் என் வருத்தம். நிமிர்ந்த காது உள்ளவள் ஒரு காதை மட்டும் திருப்பி, உடம்பு அசையாமல், சமையலறையில் பிளாஸ்டிக் பை சரசரப்பதைக் கேட்கிறாளே, அந்தச் சின்ன அலட்சியத்தைத் தொங்கு காதில் எப்படிப் பார்ப்பது? மடிந்த காதுக்குள் அழுக்கு சேர்ந்து சீழ் பிடிக்கிற தொல்லை வேறு. குட்டை மூக்குக்காரர்களுக்குப் பல் கோணலாக வளர்கிற தொல்லையும் உண்டு. நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தான் பிடித்த முயலுக்கு மூணே கால்னு சொல்றவர்ட்ட என்ன சார் பேசறது" என்று சிரிப்பார். அவர் முயல்கள் மடியில் உட்காரும். அது அவருக்குப் பெருமை. எனக்கென்னவோ மடியில் உட்காருகிற முயலைவிட, நான் அறைக்குள் வந்ததும் தலையைக்கூடத் தூக்காமல் இன்னொரு முயலின் மேல் சாய்ந்தபடியே கிடக்கிற முயல்தான் நிம்மதியான முயல் என்று படுகிறது.

சேர்த்துவைக்கும் முறையிலும் கட்சிகள் உண்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு காரில் ஒரு சுற்று சுற்றிவந்தால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. ஒட்டிக்கொள்ளும்தான். லிஃப்ட் நின்றுபோனால் அறிமுகமில்லாத மனிதர்களும் பேசிக்கொள்வார்கள். வெளியே வந்ததும் அவரவர் வழி. பயத்தில் சேர்ந்த ஜோடி வீட்டுக்கு வந்து, எஜமானர் தூங்கின பிறகு, ரோமம் பறக்க உருளுவதைப் பற்றி அந்தக் கூட்டம் பேசுவதில்லை. நான் பழைய கட்சி. முதலில் இரண்டு பேருக்கும் கருத்தடை ஆபரேஷன். பெண்ணுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் வருவதைத் தடுக்கவே அது அவசியம். ஆணுக்கு ஆபரேஷன் ஆன பிறகும் நாலைந்து வாரம் வீரியம் இருக்கும் என்பதால் அதுவரை பொறுமை. பிறகு ஒரு சாண் இடைவெளி விட்டு இரண்டு கம்பித் தடுப்பு. ஒரே தடுப்பு வைத்தால் மூக்குக்கு ஆபத்து. இவள் கழிவு டிரே அவனுக்கு, அவன் துணி இவளுக்கு என்று மாற்றி மாற்றி. அப்புறம் இருவருக்கும் சொந்தமில்லாத இடம்; எங்களுக்கு அது எதிர்வீட்டு மாமியின் காலி அறை. தடுக்கக் கையை நீட்டாமல் முறத்தை வைத்துக்கொள்வது நல்லது. ஒருவரை ஒருவர் துரத்தி வட்டம் போட ஆரம்பித்தால் முறம் நடுவில் போக வேண்டும். தலைப்பக்கமாக மேலேறினால் உடனே இறக்க வேண்டும். கீழே இருப்பவன் பல் எங்கே போகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மற்ற நேரத்தில் அந்த அறையில் நம் வேலை வாயை மூடிக்கொண்டு உட்காருவதுதான். இதைத்தான் இப்போது யாராலும் செய்ய முடியவில்லை. உடனே தூக்கிவிடுகிறார்கள், உடனே வீடியோ எடுக்கிறார்கள்.

சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன்னால் அங்கே வாங்கின வெள்ளை முயல்கள் எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில் இருந்தன. துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் தோண்டிக்கொண்டு தாங்களாகவே குடும்பம் நடத்தின. முப்பத்தொரு நாளுக்கு ஒரு ஈடு குட்டி. பாதியைப் பூனை கொண்டுபோகும். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. முயலை வீட்டுக்குள் விட்டு, டிரே பழக்கி, ஆயுளோடு வைத்துக்கொள்ளலாம் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. மரினெல் ஹாரிமனின் கையேடு கலிஃபோர்னியாவில் அதே 1985இல்தான் வெளிவந்தது. அது நம் ஊர் கண்ணில் படப் பல வருடங்கள் ஆயின. ஆனால் அந்தக் கொல்லை முயல்களுக்கு முயலாக இருக்கத் தெரிந்தது. இப்போது சந்தையில் கண் திறந்து சில நாளே ஆன குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து ‘ட்வார்ஃப்’ என்று சொல்லி விற்கிறார்கள். எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்ததோடும் இருந்தால்தான் தலை சாய்க்கவே கற்றுக்கொள்ளும். அப்படியில்லாமல் வளர்ந்த முயல் இன்னொரு முயலைப் பார்த்ததும் ஒன்று ஓடுகிறது, இல்லை பாய்கிறது. நடுவில் ஒரு மொழி இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

மல்லாக்கப் படுக்கவைத்து ‘எப்படித் தூங்குது பாருங்க’ என்று ரீல்ஸ் போடுகிறவர்களிடம் என்ன சொல்ல? அது தூக்கமில்லை, பிடிபட்ட உயிரின் உறைவு. மருத்துவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆபரேஷனுக்கு முதல்நாள் இரவு பட்டினி போடச் சொன்ன ஒருவரிடமிருந்து கூடையோடு திரும்பி வந்திருக்கிறேன். வாந்தியே எடுக்க முடியாத பிராணி, குடல் நின்றால் உயிர் நின்றுவிடும். இதைப் பட்டினி போடுகிறவர் கத்தியை எப்படிப் பிடிப்பார்?

தீவனக் கதையும் இதேதான். டிமோத்தி புல் வெளிநாட்டுப் பையில் வந்தால்தான் புல் என்றாகிவிட்டது. நிழலில் காயவைத்த அருகம்புல்லை ஆச்சி தின்கிற வேகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முயல் மசால் என்று பெயரிலேயே முயலை வைத்துக்கொண்டிருக்கிற பயிரையும் வளர்ந்த வீட்டு முயலுக்கு அளந்துதான் போட வேண்டும். சுண்ணாம்புச் சத்து அதிகம். கோரைப்பாயை மட்டும் யாரும் போட வேண்டியதில்லை, அதுவே எடுத்துக்கொள்ளும். வழுக்காமல் இருக்கட்டும் என்று விரித்த பாயின் ஓரம் முழுக்க இவர்கள் இருவரும் எதிரெதிர் முனையில் கொறிக்கத் தொடங்கி நடுவில் சந்தித்திருக்கிறார்கள்.

சித்திரை வெயிலில் காதல் எல்லாம் ரத்து. வியர்க்காத உடம்பு, காது வழியாகத்தான் சூடு இறங்க வேண்டும். ஏசி ஓடினாலும் ஈர மண் ஓட்டின் மேல் ஆளுக்கொரு மூலையில் நீட்டிப் படுத்துவிடுவார்கள். ஆனால் சாயங்காலம் ஆச்சி எழுந்து போய் அவன் மூக்கின் கீழ் தலையை வைப்பாள், வெயில் என்றாலும் வரி வசூல் நிற்காது. மணி நக்குவான்.

மூன்றாவதாக ஒன்று சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். மூன்று பேர் வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நடக்கிறது, சண்டையில்லை, சாப்பிடுகிறார்கள். தலை தாழ்கிறபோது யார் யாரிடம் கேட்டார்கள் என்பது மட்டும் தெரியாமல் போகிறது. ஒருவர் கேட்பார், இன்னொருவர் குறுக்கே புகுந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கு அதில் ருசியில்லை. போன மாதம் தெரிந்தவர் ஒருவர் ஒரு கறுப்புக் குட்டியைக் காட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். நல்ல நிமிர்ந்த காது. அடையாறு நண்பரிடம் அனுப்பிவைத்தேன், அவருக்கும் ஒன்றாவது இருக்கட்டும் என்று.