தோட்டம் வரையக் கற்பதும் வான்கோவின் சுழிகளும்

மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் ஞாயிறுதோறும் ஓவிய வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகளின் தோட்டப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். வானத்தில் நாலு சுழி, மரத்தில் தீக்கொழுந்து மாதிரி கோடுகள். கேட்டால், "வான்கோ ஸ்டைல், அங்கிள்!" பெற்றோரும் ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டிவிடுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லிக்கொடுக்கும் முறையைத்தான் கொஞ்சம் ஆராய வேண்டியிருக்கிறது.

போஸ்ட்-இம்ப்ரெஷனிஸம் என்பது 1910இல் லண்டன் கண்காட்சி ஒன்றுக்காக ராஜர் ஃப்ரை சூட்டிய பெயர். செசான், வான்கோ, கொகேன் மூவருமே அப்போது உயிரோடு இல்லை. ஆக, தங்களுக்கு இப்படியொரு 'ஸ்டைல்' இருப்பதே அவர்களுக்குத் தெரியாது! வான்கோ 1889 மே மாதம் சான்-ரெமி மனநல விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்குள்ள தோட்டத்தில் ஐரிஸ் பூக்களை வரையத் தொடங்கினார். அந்தப் படத்தில் சுழியே கிடையாது. இருப்பது ஜப்பானிய அச்சுப் படங்களிலிருந்து கற்ற அழுத்தமான வெளிக்கோடு. ஒவ்வொரு இதழும் வேறு வேறாக வளையும். உற்றுப் பார்த்தவன் கை அது.

நம் மும்பையிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்த எஸ்.ஹெச். ரஸா, 1948இல் காஷ்மீரில் தம் நிலக்காட்சிகளைப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸோனிடம் காட்டினார். திறமை இருக்கிறது, கட்டுமானம் இல்லை. செசானைப் படியுங்கள் என்றாராம் அவர். அடித்தளம், சுவர், உத்தரம், கூரை என்று வீடு எழும்புவதுபோல் படமும் எழும்ப வேண்டும் என்பது கருத்து. ரஸா கோபித்துக்கொள்ளவில்லை. 1950இல் பாரிஸ் போனார். அதன்பின் அவர் வரைந்த பிரெஞ்சு ஊர்களில் வீடுகள் கட்டம் கட்டமாக அடுக்கி நிற்கின்றன. செசானைப் பார்த்து செசான் மாதிரி ஆப்பிள் வரைந்துகொண்டிருக்கவில்லை அவர், அதுதான் முக்கியம்.

புள்ளி வைத்துக் கோலம் போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கட்டுமானம் புரியாதா என்ன? ஆனால் வகுப்பில் அச்சுப் படத்தைக் கொடுத்து "இதைப் பார்த்து வரை" என்கிறோம். நடந்து போகும் தூரத்தில் ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. அங்கே உட்கார்த்தி வைத்துக் கறுப்பு டியூபைப் பிடுங்கி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மத்தியான நிழலை நீலமும் ஊதாவும் கலந்து போட்டுப் பார்க்கட்டும். ஆரஞ்சு, சிவப்பு முன்னால் வரும், நீலம் பின்னால் போகும் என்பதை மே மாத குல்மோஹரே காட்டிவிடும். மழைக்காலத்துப் பச்சை இன்னும் கஷ்டம். கடைப் பச்சை ஒன்றே ஒன்றைப் பூசினால் தோட்டம் தட்டையாகப் படுத்துவிடும். மஞ்சளும் நீலமும் கலந்து ஏழெட்டுப் பச்சை செய்ய வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். எலிமெண்டரி, இண்டர்மீடியட் டிராயிங் பரீட்சை அவசரத்தில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்கிறார்கள். வாஸ்தவம்தான். ஆனால் பிள்ளைக்குத் தெரிந்த ஒரே தோட்டம் பிரான்ஸில் இருக்கிறது, தன் தெருவில் இல்லை என்றால் அது என்ன படிப்பு?

தாராவியில் தோட்டத்துக்கு எங்கே போக என்று கேட்கலாம். வாசலில் டின்னில் துளசி, கற்றாழை வைக்காத வீடு குறைவு. செசானும் வரிசையாக வைத்த பூந்தொட்டிகளை நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார்.