கேணிக்குள் தள்ளியவர் யார்?

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935-ஆம் ஆண்டில் 'மணிக்கொடி' இதழில் வெளிவந்தது. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியில் வாழும் ஏழைப் பெண் மருதி. அவள் கணவன் வெள்ளையன் சிறைப்படுகிறான். பிழைக்க வழியின்றி அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குக் கப்பலேறுகிறாள். கண்டிச் சீமைக்குப் போனால் கஷ்டம் தீரும் என்ற நம்பிக்கையே அக்காலத்து ஏழைகளைக் கடல் கடத்தியது.

குடிபெயர்வோர் கதை எதைப் படித்தாலும் விடுதலைப்பயண நூலை நினைவுகூர்வது நம்மவர் வழக்கம். இக்கதைக்கு அது பொருந்தாது. இங்கே செங்கடலும் பிளக்கவில்லை, மன்னாவும் பொழியவில்லை. பொருந்துவது தொடக்க நூலின் 37-ஆம் அதிகாரம். சகோதரர்கள் யோசேப்பை நீரற்ற குழியில் தள்ளி, பின்னர் 20 வெள்ளிக்காசுக்கு விற்றனர். மருதியைப் போன்றோரை ஊர் ஊராகத் தேடி வந்து ஆள் சேர்த்தவனும் வெள்ளைத்துரை அல்லன். நம் மொழி பேசி, உறவுமுறை சொல்லி அழைத்த கங்காணியே. அவன் தந்த முன்பணம் கடனாகித் தொழிலாளியைத் தொடர்ந்தது. அக்கடனைக் குறித்த 'துண்டு' முறை 1921-இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. திருமுக்கூடல் வட்டாரத்துப் பட்டுத்தறி வீடுகளில் முன்பணம் என்னும் சொல்லின் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அது தீரும்வரை நெசவாளி வேறு முதலாளியிடம் தறி மாற முடியாது.

கதையின் பிற்பகுதி அவசரமாக ஓடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாவலுக்குரிய ஆண்டுகளை ஆசிரியர் சில பக்கங்களில் அடக்கப் பார்க்கிறார். ஆயினும் மருதியின்மேல் இரக்கத்தைப் பிழிந்து நம்மை அழவைத்து அனுப்பிவிடாத அந்தக் கடுமைக்காகவே நான் இக்கதையை மதிக்கிறேன்.

வரலாறு இக்கதையைத் தொடர்ந்து எழுதியது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு அரசுகளும் 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தாங்கள் கண்டிராத 'தாயகத்திற்கு' வந்தவர்களை நாம் 'சிலோன்காரர்' என்றோம். அங்கிருந்தவரை அவர்கள் 'இந்தியத் தமிழர்'. 1763-இல் பேரரசி கத்தரீனின் அழைப்பை ஏற்று ரஷியாவில் குடியேறிய ஜெர்மானியரின் வழிவந்தோருக்கும் இதுவே நேர்ந்தது. 1941-இல் அவர்கள் ஜெர்மானியர் என்பதற்காகச் சைபீரியாவிற்கும் கசக்ஸ்தானுக்கும் கடத்தப்பட்டனர். பல்லாண்டு ஏங்கியபின் ஜெர்மனி சேர்ந்தபோது, அங்கே 'ரஷியர்' எனப்பட்டனர்.

புதுமைப்பித்தன் கரையில் நின்று எழுதினார்; தெளிவத்தை ஜோசப் (1934–2022) மலைக்குள்ளிருந்து எழுதினார். 1979-இல் வந்த தம் சிறுகதைத் தொகுதிக்கு அவர் 'நாமிருக்கும் நாடே' என்று பெயரிட்டார். பாரதியின் சுதந்திரப் பாடலை நினைவூட்டும் அத்தலைப்பை, குடியுரிமை இல்லாதவன் வாயில் வைத்துப் படிக்க வேண்டும். 'தாயகம்' என்று நாம் நம் பக்கத்தை மட்டுமே சொல்லிவந்ததற்கு அது மறுப்பு. யோசேப்பு தம் எலும்புகளை எகிப்திலிருந்து எடுத்துச் செல்லுமாறு ஆணையிட்டார். மலையகத்தவருக்கோ பாட்டன் பாட்டியரின் எலும்புகள் தேயிலைத் தூரின் அடியிலேயே கிடக்கின்றன. கப்பலேறியவர் எவரும் அவற்றைக் கொண்டுவர இயலவில்லை.