முட்டத்துப் பாறைகள்

குமரி மாவட்டத்து முட்டத்தில் கலங்கரை விளக்கத்தைவிட எனக்குப் பிடித்தது பாறை இடுக்குகளின் சத்தம். அலை விரிசலுக்குள் பாயும்போது உள்ளே அடைபட்ட காற்று இறுகி ‘டொம்’ என்று அதிர்கிறது. தண்ணீர் வடிகையில் நீண்டதோர் உறிஞ்சல். அந்த இறுக்கமும் தளர்வும்தான் விரிசலை மெல்ல மெல்ல அகலப்படுத்துகின்றன. தெறித்த நீர் வெயிலில் உலர, நுண்துளைகளில் உப்பு படிகமாகிப் பாறையை மணிமணியாக நெம்புகிறது. தொட்டாலே தெரியும்: கூழாங்கற்கள் உருண்டு தேய்த்த அடிப்பக்கம் வழவழப்பு, சாரல் மட்டும் படும் மேற்பக்கம் சொரசொரப்பு.

பக்கத்து மணவாளக்குறிச்சியில் அலையின் கை இன்னும் நுட்பம். இலேசான வெண்மணலை அள்ளிக்கொண்டு, கனமான கருமணலையும் சிவந்த கார்னெட்டையும் வரிவரியாக விட்டுப்போகிறது. தென்மேற்குப் பருவத்து முரட்டு அலைகளுக்குப் பிறகு போய்ப் பாருங்கள், அந்தக் கருமை இன்னும் அடர்ந்திருக்கும்.