மலைடா... அண்ணாமலை!

தொண்ணூறுகளின் ரஜினி வசனங்களை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. இதை எந்த ஊர்க்காரரும் சொல்லலாம். ஆனால் திருவண்ணாமலைக்காரன் சொல்லும்போது உரிமை ஒரு படி கூடுதல். 1992-ல் ‘அண்ணாமலை’, 1997-ல் ‘அருணாச்சலம்’ என்று ஐந்தே வருஷத்தில் எங்கள் மலையின் இரண்டு பெயர்களும் சூப்பர் ஸ்டார் படங்களுக்குத் தலைப்பாகிவிட்டன. நடுவில், 1995 பொங்கலுக்கு வந்த ‘பாட்ஷா’வுக்கு வசனம் எழுதிய பாலகுமாரன், இந்த ஊர் விசிறி சாமியார் யோகி ராம்சுரத்குமாரைக் குருவாக ஏற்றவர். போதாதா!

‘மலைடா... அண்ணாமலை!’ என்று திரையில் ரஜினி சொன்னபோது எங்கள் ஊர்த் தியேட்டரில் எழுந்த சத்தம் இருக்கிறதே, அடடா! தெருவுக்குத் தெரு ஓர் அண்ணாமலையும் அருணாச்சலமும் வாழ்கிற ஊர் இது. ‘அண்ணாமலையாருக்கு அரோகரா’ கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் சாமியின் பெயரை, எங்கள் தாத்தாவின் பெயரை, பக்கத்து பெஞ்சுப் பையனின் பெயரை ஹீரோ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் உட்கார்ந்தா இருப்போம்? விசிலும் கைதட்டலும் அடங்குவதற்குள் அடுத்த காட்சியே வந்துவிடும்.

அந்தப் படத்தின் சவால் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். பால்காரன் அண்ணாமலையின் வீட்டை இடித்துவிடுகிறார்கள். அவன் நேராக உயிர் நண்பன் அசோக்கின் மாளிகைக்குப் போய் நிற்கிறான். ‘இந்த நாளை உன் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கோ’ என்கிறான். மற்றவர்கள் கோபம் வந்தால் சாபம் விடுவார்கள், இவன் தேதி குறிக்கிறான்! நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரை வைத்தே ஒரு சபதத்தைக் கட்டிய வசனகர்த்தா சண்முகசுந்தரத்துக்கு எத்தனை மாலை போட்டாலும் தகும். அதே படத்தில் ராதாரவி சொன்ன ‘கூட்டிக் கழிச்சுப் பாரு, கணக்கு சரியா வரும்’ இன்றைக்கும் தேரடி வீதிக் கடைகளில் பில் போடும்போது காதில் விழுகிறது. சொல்கிற பையன் அந்தப் படம் வந்தபோது பிறந்தே இருக்க மாட்டான்.

‘பாட்ஷா’ இன்னும் ஒரு படி மேலே. ‘நான் ஒரு தடவை சொன்னா, நூறு தடவை சொன்ன மாதிரி.’ இதில் அகராதி தேட வேண்டிய சொல் ஒன்றாவது உண்டா? டீக்கடையில் புழங்கும் சொற்களை எடுத்துக் கர்ஜனையாக்கிக் கொடுத்திருக்கிறார் பாலகுமாரன். ‘நாயகன்’, ‘குணா’, ‘ஜென்டில்மேன்’, ‘காதலன்’ என்று அவர் வசனம் எழுதிய மற்ற படங்களையும் வரிசையாகப் பாருங்கள், மலைத்துப்போவீர்கள்.

‘பாட்ஷா’வில் அந்தக் கர்ஜனையைவிட என்னை ஆட்டிப்படைப்பது தங்கையின் மருத்துவக் கல்லூரி ஸீட் காட்சிதான். ‘எனக்கு இன்னொரு பேரு இருக்கு’ என்கிறார் மாணிக்கமாக வரும் ரஜினி. அவ்வளவுதான். அதற்குமேல் நமக்கு எதுவும் கேட்பதில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் பேசுகிறார், அதிகாரமாக உட்கார்ந்திருந்த மனிதருக்கு முகம் வெளிறுகிறது. ஸீட் கிடைத்துவிடுகிறது. என்ன சொன்னாய் என்று தங்கை கேட்டால், ‘உண்மையைச் சொன்னேன்’ என்று சாதுவாக ஒரு பதில்! எங்கே எழுத வேண்டும், எங்கே பேனாவை மூடிவைக்க வேண்டும் என்று தெரிந்த கை அது. சந்நிதித் தெருவில் யோகியார் வாழ்ந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம், இங்கே வந்து கைகட்டி நின்றவரா அந்தக் கர்ஜனையையும் எழுதினார் என்று மனசு துள்ளும்.

மாணிக்கம் ஆட்டோக்காரர் என்பதால் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டுகளில் அவர் இன்றும் சொந்தக்காரர்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ரமணாசிரமத்துக்கு வாடகை பேசும்போது, ‘அண்ணே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க’ என்று இழுத்துப் பாருங்கள். ‘ஒரு தடவை சொன்னா...’ என்று டிரைவர் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார். மிச்சத்தை நாமே சொல்லிவிட்டு ஏறி உட்கார வேண்டியதுதான்.

‘அருணாச்சலம்’ கிரேஸி மோகன் எழுதியது. முப்பது நாளில் முப்பது கோடி ரூபாயைச் செலவழித்துத் தீர்க்க வேண்டும் என்ற கதைக்கு அவர் பேனாதான் சரி! ஆனால் எங்கள் ஊர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது, விரலை மேலே காட்டிச் சொல்லும் ‘ஆண்டவன் சொல்றான்’ வசனத்தை. பௌர்ணமி கிரிவலத்தில் பதினாலு கிலோமீட்டர் நடக்கிற இளவட்டக் கும்பலில், குபேர லிங்கம் தாண்டியதும் ஒருத்தன் கால் வலிக்கிறது என்று உட்காருவான். இன்னொருத்தன் விரலை உயர்த்தி அந்த முதல் பாதியைச் சொல்வான். மறுபாதியை மொத்தக் கும்பலும் கோரஸாக முழங்க, உட்கார்ந்தவன் எழுந்துவிடுவான். மந்திரம் மாதிரி வேலை செய்கிறது ஐயா!

‘முத்து’வின் ‘எப்ப வருவேன், எப்படி வருவேன்’, ‘படையப்பா’வின் ‘என் வழி தனி வழி’ எல்லாமே இந்த ஜாதிதான். எல்லாவற்றின் அடியிலும் இருப்பது ஒன்றே: கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன் என்கிற ஒரு சாதாரண மனிதனின் துணிச்சல். பால்காரனும் ஆட்டோக்காரனும் வண்டிக்காரனும் அதைச் சொல்வதால்தான் பார்க்கிற ஒவ்வொருத்தரும் தன் குரலாக எடுத்துக்கொள்கிறார்கள்.

செல்போனில் துண்டு துண்டாகப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ‘பாட்ஷா’வை டிஜிட்டலில் மெருகேற்றி 2017-ல் மறுபடி திரையிட்டபோது தியேட்டர்கள் திருவிழாவாயின. அடுத்து இந்தப் படங்களில் எது திரைக்கு வந்தாலும் முதல் காட்சிக்கே போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ரஜினி வாயைத் திறப்பதற்கு முன்னால் அரங்கமே அந்த வசனத்தைச் சொல்லி முடித்துவிடும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்கே டிக்கெட் காசு செரித்துவிடும்!