கூலி கேளாத சேவகன்

விக்கிரவாண்டியில் நமக்கு நண்பர் ஒருவர் உண்டு. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். கூடத்துச் சுவரிலே பெரியார் படம். அலமாரியிலே அண்ணாவின் நூல்கள். நிலைப்படியிலே மாவிலையும் இல்லை, கண்ணேறு கழிக்கும் பூசணியும் இல்லை. சென்ற மாதம் ஒரு மாலை அவர் இல்லத்தில் அமர்ந்து நாட்டு நடப்பைப் பேசிக்கொண்டிருந்தோம். எங்கெங்கோ சுற்றிய பேச்சு, அவர் வீட்டு வேலைக்கு வரும் அம்மையாரிடம் வந்து நின்றது. நின்றது மட்டுமா? அங்கேயே ஒரு மணி நேரம் குடியிருந்தது.

பாலைப் பொங்க விட்டுவிடுகிறாராம். பத்துப் பாத்திரம் தேய்த்தால் விளிம்பிலே நுரை காய்ந்து கிடக்கிறதாம். வெள்ளைச் சட்டையைச் சாயம் போகும் புடவையோடு ஊற வைத்தாராம். ஒரு முறையன்று, மூன்று முறை. "எத்தனை தடவைதான் சொல்வது?" என்றார் நண்பர். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறார், கேட்டால் பாட்டி இறந்துவிட்டாள் என்கிறார், இவ்வாண்டில் இது மூன்றாவது பாட்டி என்று சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "பாரதி அன்றே பாடி வைத்துவிட்டாரே!" என்றார்.

பாடியிருக்கிறார், உண்மைதான். 1917-ஆம் ஆண்டு பரலி சு. நெல்லையப்பர் வெளியிட்ட 'கண்ணன் பாட்டு' என்னும் நூலிலே 'கண்ணன் என் சேவகன்' என்றொரு பாட்டு இருக்கிறது. அதை அன்றிரவே மீண்டும் எடுத்துப் படித்தோம். பாரதியைப் பழிப்பதற்காக அல்ல. சாதிச் செருக்கைச் சாடிய கவி அவர். நம் புரட்சிக் கவிஞர் தம் பெயரிலேயே அவர் பெயரைத் தாங்கினார். அத்தகைய கவியின் பாட்டு, பகுத்தறிவு பேசும் ஒரு வீட்டிலே, ஏழைப் பெண்ணொருத்தியை எள்ளி நகையாடுவதற்குக் கருவியாகிறதென்றால், அது எப்படி நேர்ந்தது என்று பார்க்கத்தானே வேண்டும்?

பாட்டின் தொடக்கத்திலே பேசுபவர் வீட்டுக்காரர். வேலையாட்கள் கூலியை மிகுதியாகக் கேட்கிறார்கள், வாங்கியதை மறக்கிறார்கள், வேலை மலிந்த நாளிலே வராமல் நின்றுவிடுகிறார்கள், சொன்னது ஒன்று செய்வது வேறு, வீட்டுச் செய்தியை வீதியிலே விளம்புகிறார்கள் என்று அடுக்குகிறார். நேற்று ஏன் வரவில்லை என்று கேட்டால், பானைக்குள் இருந்த தேள் பல்லால் கடித்துவிட்டது என்கிறானாம் வேலையாள். மனைவியைப் பேய் பிடித்தது என்கிறானாம். பாட்டி இறந்த பன்னிரண்டாம் நாள் என்கிறானாம். நண்பர் வீட்டுப் பாட்டிக்கு நூறாண்டுக்கு மேல் வயது என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது!

தேளைக் கவனியுங்கள். தேள் கொடுக்கால் கொட்டும். அதற்கு ஏது பல்? பொய்யைக்கூடப் பொருத்தமாகச் சொல்லத் தெரியாத பேதை அந்த வேலையாள் என்று ஒரே சொல்லால் காட்டிவிடுகிறார் கவி. திறமைதான், படிக்கிறவன் சிரித்தே தீர வேண்டும். யாரோடு சேர்ந்து சிரிக்கிறான் என்பதுதான் நம் கேள்வி. வேலையாள் பாட்டிலே வாய் திறப்பது பொய் சொல்வதற்கு மட்டும். வீட்டுக்காரரின் குரலே நம் காதிலே விழுகிறது. அவர் பக்கத்துத் திண்ணையிலே நமக்கும் ஓர் இடம் போடப்படுகிறது.

இந்தப் பாட்டை நாம் வகுப்பிலே படித்துக் காட்டினோம். தேள் வந்த இடத்தில் வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. விழுப்புரத்திலே மூன்று வீடுகளில் வேலை செய்பவர் அவள் தாய். 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்திலே, விடியலில் ஏறிச் செல்கிறவர்களில் ஒருவர். அந்தப் பெண் எழுந்து கேட்டாள்: "ஐயா, அவர் உண்மையைச் சொல்லி விடுமுறை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா?"

நம்மிடம் விடை இல்லை. பாட்டிலும் இல்லை. நாம் பள்ளிக்கு வரவில்லையென்றால் ஒரு தாளிலே நான்கு வரி எழுதி அனுப்புகிறோம். தற்செயல் விடுப்பு என்று அதற்குப் பெயர். அந்தத் தாள் இல்லாதவன் என்ன செய்வான்? தேளைக் கூப்பிடுகிறான். பாட்டியைக் கூப்பிடுகிறான். உடல் வலிக்கிறது, இன்று வர இயலவில்லை என்று சொன்னால் செல்லாத வீட்டிலே, செத்த பாட்டிதானே செல்லுபடியாவாள்!

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட், டப்ளின் நகரத் தேவாலயமொன்றின் தலைவராக இருந்தவர். வேலையாட்களுக்கு அறிவுரை கூறுவதுபோல் நையாண்டி நூலொன்றை எழுதினார். முற்றுப்பெறாத நிலையிலேயே, அவர் மறைந்த 1745-இல் அது வெளிவந்தது. எதை உடைத்தாலும் பழியை நாயின் மேலோ பூனையின் மேலோ கடைசியாக வேலையிலிருந்து நீக்கப்பட்டவன் மேலோ போட்டுவிடு என்கிறார். நேரங்கழித்து வந்தால் சொல்வதற்குச் சாக்குகளும் கற்றுத் தருகிறார். தொலைவிலிருந்து மாமன் வந்தான் என்பது ஒன்று. தூக்கிலிடப்பட இருக்கும் உறவினனிடம் விடைபெறச் சென்றேன் என்பது மற்றொன்று. டப்ளினில் தூக்குமரம், தமிழகத்தில் தேள். இடையே 172 ஆண்டுகள் ஓடின. விடுமுறை மட்டும் வந்து சேரவில்லை.

பாரதியின் பாட்டு எங்கே போய் முடிகிறது? கண்ணன் வருகிறான். இடையன் என்கிறான். மாடு மேய்ப்பேன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன், வீடு பெருக்குவேன், விளக்கேற்றுவேன், இரவிலே காவல் காப்பேன் என்கிறான். கூலி என்ன கேட்கிறாய் என்றால், பெண்டு பிள்ளை இல்லாத தனி ஆள் நான், அன்பு போதும், காசு பெரிதில்லை என்கிறான். வீட்டுக்காரர் மனம் குளிர்ந்துவிடுகிறது. பிறகு அவனே நண்பனாகி, அமைச்சனாகி, ஆசானாகி, கடவுளாகி நிற்கிறான்.

பக்தர்கள் இதை இறைவனின் எளிமை என்பர். துடைப்பம் பிடிக்கும் கையைக் கவி கடவுளின் கையாக்கிவிட்டார், தொழிலுக்கு இதைவிட உயர்வு உண்டோ என்று கேட்பர். அந்த வாதத்திலே ஓரளவு நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உயர்வுக்கு விலை என்ன? கூலி கேட்டவன் பொய்யன். கூலி கேளாதவன் கடவுள்! குடும்பம் உடையவன் தவறு செய்கிறான். குடும்பமே இல்லாதவன் குறையின்றி உழைக்கிறான்! மனைவிக்குக் காய்ச்சல் வராது, பாட்டி சாகமாட்டாள், பகலெல்லாம் உழைத்தவன் இரவெல்லாம் விழித்திருப்பான்! வேலையாளின் தவறுகளுக்குக் கவி கண்ட மருந்து, மனிதனே அல்லாத ஒருவனை வேலைக்கு வைத்துக்கொள்வது. கண்ணன் எந்த ஊரிலும் வேலைக்கு வரப்போவதில்லை. ஆனால் அவனை அளவுகோலாக வைத்து அளக்கப்படுகிற பெண்கள் நாள்தோறும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

உறக்கமின்றி உழைத்தால் மனிதப் பிறவிக்கு என்ன ஆகும் என்பதை ருஷ்ய நாட்டுச் செக்காவ் 1888-இல் ஒரு சிறுகதையிலே எழுதினார். வார்க்கா என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி. செருப்புத் தைப்பவர் வீட்டிலே வேலை. பகலெல்லாம் அடுப்பு மூட்டல், படி கழுவல், கிழங்கு தோல் சீவல், கடைக்கு ஓடல்; இரவெல்லாம் அழும் குழந்தையின் தொட்டிலை ஆட்டல். வீட்டுக்காரரின் பெரிய மழைச் செருப்பைத் துடைக்கும்போது, அதற்குள் தலையை நுழைத்துக் கொஞ்சம் தூங்கினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அந்தச் சிறுமி நினைக்கிறாள். கண் அயர்ந்தால் அடி. கடைசியில், தன்னைத் தூங்கவிடாத பகை இந்தக் குழந்தைதான் என்று மயங்கி, அதன் கழுத்தை நெரித்துவிட்டுச் சிரித்தபடி படுத்து உறங்கிவிடுகிறாள். தவறு யாருடையது என்று செக்காவ் எந்த இடத்திலும் எழுதவில்லை. அந்தச் செருப்பைப் படித்தவனுக்கு எழுதிச் சொல்ல வேண்டியதும் இல்லை. பாரதியின் வேலையாளுக்கும் அப்படி ஒரு செருப்பு கிடைத்திருந்தால் வகுப்பு சிரித்திருக்காது.

நம் வீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அண்ணாவின் 'வேலைக்காரி' நாடகமாக நடந்து, 1949-இல் திரைப்படமாகவும் வந்து நாட்டை உலுக்கியது. வேதாசல முதலியாரின் மாளிகையிலே பாடுபடும் அமிர்தத்துக்கும் நெஞ்சம் உண்டு, காதல் உண்டு, மானம் உண்டு என்று மேடையேறிச் சொன்ன படைப்பு அது. அந்தப் பெருமையில் ஒரு துளியும் குறையாது. ஆயினும் கேட்கத் தோன்றுகிறது: அமிர்தம் மூர்த்தியின் மனைவியானாள், மகிழ்ச்சி, அவள் விட்டுச் சென்ற விளக்குமாற்றை அடுத்த நாள் எடுத்தவள் யார்? அவளுக்கு எத்தனை மணி நேர வேலை? வாரத்தில் எந்த நாள் ஓய்வு? வேலைக்காரியை மருமகளாக்கும் கதையை நாம் கைதட்டி வரவேற்றோம். வேலைக்காரியை வேலைக்காரியாகவே வைத்து மதிக்கும் கதையை இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நம் வீட்டுக் கொல்லைப்புற மாடத்திலே ஒரு டம்ளர் தனியே கவிழ்ந்திருந்த காலத்தை நாம் அறிவோம். வேலைக்கு வந்த அம்மையார் ஒருநாள் மறந்துபோய் வீட்டு டம்ளரிலே தேநீர் அருந்திவிட்டார். "எத்தனை தடவைதான் சொல்வது?" என்றார் நம் அன்னை. நண்பர் சொன்ன அதே சொற்கள். நாம் அப்போது கல்லூரி மாணவர். கையிலே விரிந்த செய்தித்தாள். காதிலே விழுந்தது, வாய் திறக்கவில்லை. பின்னர் அந்த டம்ளரைத் தூக்கி எறிய நாம் நடத்திய சண்டையைப் பற்றி இங்கே பெருமையடித்துக்கொள்ளப் போவதில்லை. தவறு என்று நாம் எழுதுகிற பட்டியலிலே எது வேலையின் தவறு, எது சாதியின் கட்டளை என்று பிரித்துப் பார்க்காமல் யாரையும் குற்றம் சாட்டலாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

பிரித்துப் பார்த்தால் மிஞ்சுவது சிறிது. நண்பர் வீட்டு நுரை விவகாரத்தைத் துருவினோம். சமையலறைத் தொட்டியருகே இரண்டு புட்டிகள். ஒன்று பாத்திரம் துலக்க, மற்றொன்று தரை துடைக்க. இரண்டும் பச்சை நிறம், இரண்டிலும் ஆங்கில எழுத்து. அந்த அம்மையார் தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். சொன்னார்கள், ஒருவரும் காட்டவில்லை. தரைப் புட்டியின் கழுத்திலே ஒரு சிவப்பு நூலைக் கட்டினோம், நுரை நின்றது. பால்? பொங்கத்தான் செய்கிறது. பாத்திரம் தேய்க்கிறவரையே பாலையும் பார்க்கச் சொன்னால் பால் எந்தக் கட்சியில் சேரும்?

வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். வேலைக்குரியவனை ஆராய்ந்து எடுப்பதும், அவனிடம் பொறுப்பை ஒப்படைப்பதும், நாள்தோறும் கவனிப்பதும் வேலை தருபவனின் கடமைகள் என்பது அதன் கருத்து. அரசனுக்குச் சொன்னதுதான், வீட்டுக்குள் அரசனாக வீற்றிருப்பவர்களுக்கும் பொருந்தும்.

சட்டமும் மெல்ல நகர்ந்து வருகிறது. 2007-இல் தமிழக அரசு வீட்டுப் பணியாளர்களுக்கு நல வாரியம் அமைத்தது. 2011-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றி, வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு அவர்களுக்கு உரிமை என்றது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது; ஏற்புறுதி செய்யவில்லை.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். முதலில் முகம் சிவந்தார். மறுநாள் தாமே வந்தார். ஞாயிறுதோறும் கூலியோடு விடுமுறை என்று அம்மையாரிடம் சொல்லிவிட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வாயிலிலே அரவம் கேட்டது. அந்த அம்மையார் வழக்கம்போல் வந்து நின்றிருந்தார். "நீங்கள் விளையாட்டுக்குச் சொன்னீர்கள் என்று நினைத்தேன் ஐயா" என்றாராம்.