ஒட்டுறவும் உடன்மாறுபாடும்: மாதிரியமைப்பில் இரு மரபுகள்

மாறிகளிடையேயான காரணத் தொடர்புகளைக் கெழுக்களால் அளக்கும் பாதைப் பகுப்பாய்வை 1921-இல் விரித்துரைத்த சீவல் ரைட் அலகு நீக்கிய கெழுக்களை முதன்மையாகக் கொண்டதும், அலகுள்ள கெழுக்களே ஏற்றவை என 1954-இல் ஜான் டூக்கி வாதிட்டதும், இரண்டும் ஒன்றுக்கொன்று துணையே என 1960-இல் ரைட் விடையிறுத்ததும் கழகத்தார் நன்கறிந்த வரலாறாதலின் இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

கழகத்து மூத்தோர் பயின்றதும் இக்கட்டுரை சார்ந்து நிற்பதும் கார்ல் யோரெஸ்கோக், டாக் சோர்பொம் ஆகியோரின் லிஸ்ரெல் மென்பொருள் வழிப் பள்ளியாகும். அலகுள்ளதா, அலகு நீக்கியதா என்னும் அதே தேர்வு இங்கும் உண்டு: அம்மென்பொருளின் தரவு வரியில் ‘எம்ஏ=சிஎம்’ என்றால் உடன்மாறுபாட்டு அணியும், ‘எம்ஏ=கேஎம்’ என்றால் ஒட்டுறவு அணியும் பகுப்பாய்வுக்கு எடுக்கப்படும்; உடன்மாறுபாடாவது இரு மாறிகள் தத்தம் சராசரியிலிருந்து விலகும் அளவுகளைப் பெருக்கிக் கண்ட சராசரி; அதனை அவற்றின் திட்டவிலக்கங்களின் பெருக்கற்பலனால் வகுக்கக் கிடைப்பது ஒட்டுறவு. அணியைப் பார்க்குமுன் திட்டவிலக்க வரியைப் பார்க்க வேண்டும் என்பதே மூத்தோர் மாணவர்க்கு முதலில் பயிற்றிய ஒழுங்கு.

அவ்வொழுங்கின் தேவையை ஒரு கணக்கே காட்டும். இரு குழுக்களிலும் உடன்மாறுபாடு 6 எனச் சமன்படுத்தினால், திட்டவிலக்கங்கள் 2, 5 ஆன குழுவில் ஒட்டுறவு 0.6 ஆகவும், 3, 10 ஆன குழுவில் 0.2 ஆகவும் அமையும். சுழியத்துக்குச் சமமா எனச் சோதிக்கையில் மட்டுமே இரண்டும் ஒரே கருதுகோளாகும்; ஒட்டுறவை 0.5 எனக் குறிக்க விழைவோர், உள்ளுறை மாறிகளின், அதாவது நேரே அளக்கவியலாதவற்றின், மாறுபாட்டை 1 என நிறுத்தியாக வேண்டும். ஈவ் ரொசேல் 2012-இல் கட்டுரையொன்றில் விளக்கிய லாவான் மென்பொருளிலும் இதுவே நெறி. அங்கு இரட்டை அலைக்குறி உடன்மாறுபாட்டையே குறிக்கும். கலப்பு மாதிரிகளுக்கான எல்எம்இ4 மென்பொருளோ திட்டவிலக்கத்தையும் ஒட்டுறவையும் அருகருகே அச்சிடுகிறது; அதுவும் பாராட்டத்தக்கதே.

ஒட்டுறவு அணியை உடன்மாறுபாட்டு அணிபோல் உள்ளிட்டால் திட்டப்பிழைகள், அதாவது மதிப்பீடுகளின் துல்லியம் காட்டும் அளவுகள், பிழைபடக்கூடும் என்றும், சில மாதிரிகளில் பொருத்தச் சோதனையே மாறிவிடும் என்றும் ராபர்ட் கூடெக் 1989-இல் எச்சரித்தார். எவரையும் சுட்டுவது நோக்கமன்றெனினும், அண்மைக்காலத்தார் சிலரிடம் இவ்வெச்சரிக்கை போதிய கவனம் பெறவில்லையோ என ஐயுற இடமுண்டு. திட்டவிலக்க வரி இல்லாமலே ஒட்டுறவு அட்டவணைகள் அச்சேறுகின்றன; அவ்வரி இல்லையேல் உடன்மாறுபாட்டை மீட்க வழியில்லை, அதைக் கொண்ட மறுபகுப்பாய்வும் இல்லை; மறுபகுப்பாய்வு அற்ற இடத்தில் ஆசிரியர் சொல்லைத் திருத்த மாணவனும் இல்லை; அந்நிலையில் குருபரம்பரை என்பதே பெயரளவில் எஞ்சி, நூற்றாண்டு உழைப்பு அனைத்தும் பொத்தானை அழுத்தும் பழக்கமாகச் சுருங்கிவிடும். ஆதலின் கழகம் வெளியிடும் ஒவ்வோர் அட்டவணையின் அடியிலும் திட்டவிலக்க வரி கட்டாயம் இடம்பெற வேண்டுமென மூத்தோர் ஆணையிடுவார்களாக.